வராத பிள்ளையும் சட்டமும்



பள்ளிக்கூடம் என்ற ஒன்று தோன்றிய நாளிலேயே அதற்குப் போகாமல் இருப்பது என்ற ஒன்றும் தோன்றியிருக்க வேண்டும். 'மட்டம் போடுவது' என்று நாம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். மாந்தோப்பிலும் வாய்க்கால் கரையிலும் கழிந்த அத்தகைய ஒரு பகற்பொழுது நம்மில் பலருடைய நெஞ்சில் இனிமையாகவே தங்கியிருக்கிறது. ஆனால் ஒரு நாள் வராத பிள்ளை வேறு. வராமலே நின்றுவிடும் பிள்ளை வேறு. முன்னவனைப் பற்றிக் கதை எழுதலாம். பின்னவனைப் பற்றி உலகத்து அரசாங்கங்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் எழுதி வந்திருக்கின்றன. அந்தச் சட்டங்களின் வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

இந்த வரலாற்றில் எனக்கு நாட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1971-ஆம் ஆண்டில் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். தை பிறந்து அறுவடை தொடங்கியதும் என் வகுப்பு பாதியாகிவிடும். வருகைப் பதிவேட்டில் வராதவர்களுக்கு உரிய குறி வரிசை வரிசையாக நீண்டுகொண்டே போகும். நான்காம் வகுப்பில் ஒரு பையன் பொங்கலுக்குப் பிறகு வரவேயில்லை. பங்குனி மாதம் அவன் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டை இழுக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. அதன் பொருளை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

சட்டம் என்று ஒன்று எழுதப்படுவதற்கு முன்பே நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு பிள்ளை வராவிட்டால் உபாத்தியாயர் வலுவான நான்கு பையன்களை ஏவுவார். அவர்கள் ஒளிந்திருப்பவனைத் தேடிப் பிடித்து, கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிறகு பிரம்பு பேசும். கோதண்டம் என்ற தண்டனையும் உண்டு. ஓடிப் போகும் வழக்கமுள்ளவன் காலில் கட்டை பூட்டுவதும் உண்டு. கட்டாயம் என்பது அன்று பிள்ளையின் உடம்பின் மேல் விழுந்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திண்ணையில் உட்கார வழியில்லாத குலத்துப் பிள்ளைகளைத் தேடி அந்த நால்வரும் ஒருநாளும் போகவில்லை. அவர்கள் வராதது யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை. 'இந்தப் பிள்ளையும் வர வேண்டியவன்' என்ற எண்ணம் பிறந்த பிறகே, அவன் வராததைப் பற்றிய சட்டம் பிறக்க முடியும்.

அந்த எண்ணத்தை அரசாணையாக முதலில் எழுதிய நாடுகளுள் ஒன்று பிரஷ்யா. இரண்டாம் பிரெடரிக் மன்னர் 1763-இல் வெளியிட்ட ஆணை, 5 வயது முதல் 13, 14 வயது வரை கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1852-இல் 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை ஆண்டுக்கு 12 வாரங்களாவது பள்ளியில் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. தவறினால் பெற்றோருக்கு 20 டாலர் வரை அபராதம். ஆயினும் இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் காண வேண்டுமானால் இங்கிலாந்தைத்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கட்டாயக் கல்விச் சட்டங்களுக்கு முன்மாதிரியாக நின்றவையும் அந்நாட்டுச் சட்டங்களே.

இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரித்தது மாந்தோப்பு அன்று, ஆலை. 1833-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம், நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பெரும்பாலும் தடுத்தது. 9 முதல் 13 வயது வரையுள்ளவர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று எல்லை வகுத்தது. நாளொன்றுக்கு 2 மணி நேரம் பாடம் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றும் விதித்தது. சான்று கேட்டால் சான்று கிடைத்துவிடும் அல்லவா? எழுதத் தெரியாத 'உபாத்தியாயர்கள்' பெருக்கல் குறியிட்டுக் கொடுத்த சான்றுகளை ஆலை ஆய்வாளர்கள் கண்டு திகைத்தார்கள். அதனால் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தில், உபாத்தியாயர் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று விதி சேர்க்க நேர்ந்தது! அந்தச் சட்டமே அரைநேர முறையை நிலைநாட்டியது. பிள்ளை காலையில் ஆலைக்கும் மாலையில் பள்ளிக்கும் போவான். அல்லது மாற்றிப் போவான். விடியலில் எழுந்து பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு வந்த பிள்ளை பிற்பகல் வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்து உறங்கினான் என்றால், அது யார் குற்றம்?

1870-இல் பார்ஸ்டர் என்ற அமைச்சர் கொண்டுவந்த தொடக்கக் கல்விச் சட்டம் ஊர்தோறும் பள்ளிக் குழுக்கள் அமைக்க வழி செய்தது. 5 முதல் 13 வயது வரை வருகையைக் கட்டாயமாக்கும் உரிமை அக்குழுக்களுக்கு உண்டு. ஆனால் கட்டாயமாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. அந்தப் பொறுப்பை எல்லா ஊர்களுக்கும் விதித்தது 1880-ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளை வராவிட்டால் தந்தை நீதிமன்றம் ஏற வேண்டும். செலவும் சேர்த்து 5 ஷில்லிங் வரை அபராதம் கட்ட வேண்டும். கூலிக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. அதற்கு மேல் பள்ளிக் கட்டணம் வாரத்துக்கு 9 பென்னி வரை இருக்கலாம். பிள்ளை சம்பாதித்துவந்த கூலியும் நின்றுவிடும். ஆக, படிப்பித்தால் ஒரு நட்டம், படிப்பிக்காவிட்டால் வேறொரு நட்டம் என்று ஏழைத் தந்தை இரண்டுக்கும் நடுவே நின்றான்.

படிப்பைப் பாதியில் நிறுத்துவது பற்றிய விதிகள் இதைவிட விந்தையானவை. 10 வயது நிரம்பிய பிள்ளை, விதிக்கப்பட்ட வகுப்பில் தேறிவிட்டால் சான்று பெற்று வேலைக்குப் போகலாம். அறிவுள்ள பிள்ளை விரைவில் தேறுவான். விரைவில் பள்ளியை விட்டும் போவான். தேறாத பிள்ளைக்கும் ஒரு வாயில் திறந்திருந்தது. 5 ஆண்டுகள், ஆண்டுக்கு 250 வருகை காட்டியிருந்தால் போதும், அவனும் போகலாம். மக்கள் அதற்கு 'மக்குச் சீட்டு' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். படிப்பில் சிறந்தவனுக்குப் பரிசு, படிப்பிலிருந்து விடுதலை! பள்ளியை ஒரு சிறைவாசமாக அந்தச் சட்டம் கருதியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்தச் சட்டத்தை வீடுதோறும் கொண்டு சென்றவர் பள்ளிக் குழுவின் வருகை அதிகாரி. கையில் குறிப்பேட்டுடன் சந்து சந்தாக நுழைந்து, எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எவன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதிக்கொள்வது அவர் வேலை. அவரைக் கண்டால் தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள். ஆனால் அந்தக் குறிப்பேடு ஓர் அரிய பணியைச் செய்தது. 1886-இல் சார்லஸ் பூத் என்ற வணிகர் லண்டன் மக்களின் வாழ்நிலையை ஆராய முற்பட்டார். ஏழைகளின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர் யார் என்று தேடியபோது, இந்த வருகை அதிகாரிகளே அகப்பட்டார்கள். அவர்களைப் பல மணி நேரம் உட்கார வைத்து, தெருத் தெருவாக, வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். லண்டன் மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் வறுமையில் உழல்கிறார்கள் என்ற அவருடைய முடிவு நாட்டையே உலுக்கியது. பாருங்கள், நேயர்களே! குற்றவாளியைப் பிடிக்கப் போன ஆள் சாட்சியாகத் திரும்பி வந்தார். 'பிள்ளை ஏன் வரவில்லை?' என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டால், விடை பிள்ளையிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

தெரிந்த பிறகு அரசாங்கம் மெல்ல மெல்லத் தன் பங்கைச் செலுத்தத் தொடங்கியது. 1891-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளூர் ஆட்சிகளுக்கு உரிமை கிடைத்தது. பள்ளியை விடும் வயது 1893-இல் 11, 1899-இல் 12, 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 14 என ஏறியது. அரைநேர முறைக்கும் அதே சட்டம் முடிவு கட்டியது. அந்த முறையை ஒழிக்கக் கூடாது என்று கடைசிவரை வாதாடியவர்களில் ஆலை முதலாளிகள் மட்டும் இல்லை. பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. பிள்ளையின் கூலி அவர்கள் வீட்டுக் கணக்கில் அப்படி ஒன்றிவிட்டிருந்தது. பின்னர் அந்த வயது 1947-இல் 15 ஆகவும், 1972-இல் 16 ஆகவும் உயர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய மண்ணில் கட்டாயக் கல்வியை முதலில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் பரோடா மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். 1893-இல் அம்ரேலி வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி, 1906-இல் சமஸ்தானம் முழுவதற்கும் அதை விரித்தார். ஆண்பிள்ளைகளுக்கு 7 முதல் 12 வயது வரை. பெண்பிள்ளைகளுக்கு 7 முதல் 10 வயது வரை. பெண்ணும் வரவேண்டியவளே என்று ஓர் இந்திய அரசர் அன்று சட்டத்தில் எழுதினார் என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

பரோடா செய்ததைப் பிரிட்டிஷ் இந்தியா ஏன் செய்யக் கூடாது என்று கேட்டவர் கோபால கிருஷ்ண கோகலே. 1910 மார்ச்சில் வைசிராயின் சட்டசபையில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1911 மார்ச் 16-ஆம் நாள் மசோதாவையே கொண்டுவந்தார். அதற்கு இங்கிலாந்தின் 1870, 1876-ஆம் ஆண்டுச் சட்டங்களையும் அயர்லாந்தின் 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை அவர் பின்பற்றவில்லை. 6 முதல் 10 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் நகரசபையோ ஜில்லா போர்டோ விரும்பினால் மட்டும், கட்டாயம் என்றார். மாதம் 10 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்திடம் கட்டணம் கேட்கக் கூடாது என்றார். நோய், வீட்டு நெருக்கடி, விவசாயப் பருவத்தின் தேவை ஆகியவற்றை வராமைக்குத் தக்க காரணங்களாக ஏற்றார். உழவன் வீட்டுப் பிள்ளையை அறிந்த ஒருவர் எழுதிய மசோதா அது.

அதையும் அன்றைய அரசாங்கம் ஏற்கவில்லை. மக்கள் இதைக் கேட்கவில்லை, மாகாண அரசாங்கங்கள் விரும்பவில்லை, பணம் இல்லை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 1912 மார்ச் 19-ஆம் நாள் வாக்கெடுப்பில் மசோதாவுக்கு 13 வாக்குகளும் எதிராக 38 வாக்குகளும் விழுந்தன. தோற்பது உறுதி என்று அறிந்தே கோகலே அன்று பேசினார். மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தும் போனார். ஆனால் விதைத்தது வீண் போகவில்லை. 1918-இல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது; 1920-இல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளூர் மன்றங்கள் தம் எல்லையில் கட்டாயத்தைக் கொண்டுவரலாம் என்று அது வகை செய்தது.

சட்டம் வந்தது, பிள்ளைகள் நிலைத்தார்களா? 1929-இல் வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை இதற்கு விடை சொல்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளுக்கு, 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர்தாம். மற்ற 82 பேரில் சிலர் கீழ் வகுப்புகளிலேயே தங்கிவிட்டார்கள், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த அறிக்கை இதனை 'வீணாதல்' என்றும் 'தேக்கம்' என்றும் பெயரிட்டது. வீணானது பணமா, பிள்ளையா என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னை இந்தக் கேள்விக்கு வேறு வழியில் விடை தேடியது. 1920-இல் பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தரத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது அதன் கணக்கு. கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று 1925-இல் அரசாங்கம் தடுத்தது. சோறும் கல்வியும் வேறு வேறு என்று நினைத்த காலம் அது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, 10 ஆண்டுகளுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்றது. 1953-இல் இராஜாஜி அமைச்சரவை, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் அரைநாள் படித்து, மீதிப் பொழுதில் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளி குறைவு, பிள்ளை அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். தந்தையின் தொழிலோடு பிள்ளையைக் கட்டுவது குலத்தோடு கட்டுவதாகும் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது. லங்காஷயரின் அரைநேரப் பிள்ளையை அறிந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் விளங்கும். பிள்ளையின் பகலைப் பாதியாகப் பகுத்தால், பள்ளிக்குக் கிடைப்பது களைத்த பாதியாகவே இருக்கும்.

அடுத்து வந்த காமராசர், கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊர் மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் காய்கறியுமே அதற்கு மூலதனம். 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இவற்றில் ஒன்றுகூட வராத பிள்ளையைத் தண்டிக்கும் சட்டம் அன்று. ஆயினும் வராமையைக் குறைப்பதில் அபராதத்தைவிட இவை வலியவையாக இருந்தன என்பதை ஊர்ப்பள்ளியில் வேலை செய்த எவரும் சொல்வார்கள்.

சட்டமும் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1996 டிசம்பரில் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் சட்டத்தை மீறிப் பிள்ளையை வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அப்பிள்ளைக்குப் பதில் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசாங்கம் வழிபார்க்க வேண்டும் என்றும் சொல்லியது. 2002-இல் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் 'கட்டாயம்' என்ற சொல்லுக்கே புதுப்பொருள் எழுதப்பட்டது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்ப்பதும், வரச் செய்வதும், முடிக்கச் செய்வதும் அரசாங்கத்தின் கட்டாயம் என்றது அச்சட்டம். பெற்றோரின் கடமையையும் கூறியது. ஆனால் அபராதம் விதிக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 5, 8 ஆகிய வகுப்புகளில் தேறாதவரை நிறுத்திவைக்க இடம் தந்தபோதும், வெளியேற்றக் கூடாது என்ற விதி மாறவில்லை.

திரும்பிப் பார்த்தால் இந்த வரலாற்றில் ஒரு நெடும்பயணம் தெரிகிறது. கட்டாயம் முதலில் பிள்ளையின் காலில் கட்டையாகப் பூட்டப்பட்டது. பிறகு தந்தையின் மடியில் அபராதமாகக் கைவைத்தது. இறுதியில் அரசாங்கத்தின் தோளில் கடமையாக ஏறியது. தோளில் ஏறிய சுமை இன்னும் முழுவதும் சுமக்கப்படவில்லை. சட்டம் 14 வயதில் கையை விட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நிற்கும் பிள்ளையை அது கேட்பதில்லை.

என் பள்ளிக்குத் திரும்புகிறேன். சிவப்புக் கோடு இழுத்துச் சில நாட்களுக்குப் பின் அந்தப் பையனின் தாயை வயல் வரப்பில் கண்டேன். தலையில் புல்லுக்கட்டு. அதை இறக்காமலே நின்று, "வாத்தியாரய்யா, பேரை அடிச்சிட்டீங்களாமே, இனிமே அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக் கூடாதுங்களா?" என்று கேட்டாள். தந்தை இறந்துவிட்டதையும், பட்ட கடனுக்காக அவன் வேறொருவர் ஆடுகளை மேய்ப்பதையும் அப்போதுதான் அறிந்தேன். பள்ளியில் மதிய உணவு அன்றும் இருந்தது. அது அவன் ஒருவன் வயிற்றை நிரப்பியிருக்கும். வீட்டிலிருந்த இரண்டு தங்கைகளின் வயிற்றை நிரப்பாது. பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொள்ள நான் இழுத்த கோட்டை, வரவே கூடாது என்ற உத்தரவாக அந்தத் தாய் படித்துவிட்டாள். எழுத்தறியாத அவள் படித்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பதிவேட்டின் கடைசி வரியில் அவன் பெயரை மீண்டும் எழுதினேன். ஆட்டுக்காரரிடம் பேசி, காலையில் மட்டும் அவனை விடச் செய்தேன். நானும் ஓர் அரைநேரப் பிள்ளையைத்தான் உண்டாக்கினேன் என்பது பின்னால் இந்த வரலாற்றைப் படித்தபோதுதான் உறைத்தது. அவன் ஐந்தாம் வகுப்பை முடித்தான். ஆறாம் வகுப்புக்கு மூன்று மைல் நடக்க வேண்டும், அவன் நடக்கவில்லை.

வராத பிள்ளையைப் பற்றி எத்தனையோ சட்டங்களைப் படித்துவிட்டேன். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, அந்தப் பிள்ளையின் வீடுவரை நடப்பது. நான் அதைச் செய்யவில்லை. தாய்தான் வரப்பில் என்னைச் சந்தித்தாள். இன்று பதிவேடு வைத்திருக்கும் இளம் ஆசிரியர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் எனக்கு முன்னதாகப் புறப்பட்டுவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.